தொழில் பெருமையும் பதவி ஆசையும்: அங்கதச் சிறுகதை எழுத முழுமையான வழிகாட்டி

அங்கதக் கதை, அதாவது மனிதரின் குறைகளைச் சிரிப்பின் வழியே காட்டும் கதை, எழுதப் புதிதாக வருகிறவர்களின் முதல் பிரதிகளைப் படித்தால் ஒரே சிக்கல் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். கதை தொடங்கும் முன்பே தீர்ப்பு எழுதி முடிந்திருக்கும். "இந்த ஆள் தலைக்கனம் பிடித்தவர்" என்று எழுதுபவர் முடிவு கட்டிவிட்டு, அதை நிரூபிக்கப் பக்கங்களை நிரப்புகிறார். வாசகருக்கு முதல் பத்தியிலேயே விஷயம் புரிந்துவிடுகிறது. மீதிப் பக்கங்களில் அவருக்கு வேலையே இல்லை.

இந்த வழிகாட்டி வேறு வரிசையில் போகிறது. முதலில் ஒரு மனிதர், அவருடைய தொழில், அந்தத் தொழிலின் விதி. பிறகு ஒரு சின்னச் சறுக்கல், அதைச் சமாளிக்க அவர் எடுத்துவைக்கும் நியாயமான அடுத்த அடி. கடைசியில் அவர் போய் நிற்கும் இடம் கிறுக்குத்தனமாக இருக்க வேண்டும். ஆனால் வழியில் எந்த ஓர் அடியிலும் அவர் கிறுக்கர் மாதிரி நடந்திருக்கக் கூடாது. அங்கதத்தின் மொத்த வேலையும் இதற்குள்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

விளக்கத்துக்காக ஒரே ஒரு கதையைக் கடைசிவரை எடுத்துக்கொண்டு போகிறேன். ஒரு வானிலை அலுவலகம், அங்கே ஒரு முதுநிலை வானிலையாளர், "நாளை மழை இல்லை" என்று அவர் கையெழுத்திட்ட அறிக்கை.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை, உள்ளே இருந்து தெரிந்த ஒரு தொழில். நீங்கள் பார்த்த வேலையாக இருக்கலாம், வீட்டில் ஒருவர் பார்த்த வேலையாக இருக்கலாம். காலையில் அங்கே முதலில் யார் வருவார், எந்தப் பதிவேடு முதலில் திறக்கப்படும், யார் கையெழுத்து இல்லாமல் எது நகராது என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். இவை தெரியாமல் எழுதினால் "ஊழல் அதிகாரி", "போலி மருத்துவர்" என்ற பொது உருவங்கள்தான் வரும். அவர்களை எல்லாரும் ஏற்கெனவே பார்த்தாயிற்று.

இரண்டாவது, ஆறிய கோபம். உங்களை அவமானப்படுத்திய மேலாளரைப் பற்றி எழுத நினைத்தால் கொஞ்ச காலம் தள்ளிப்போடுங்கள். கோபம் சூடாக இருக்கும்போது அந்த மனிதரின் பக்கத்து நியாயம் உங்களுக்குத் தெரியாது. அது தெரியாவிட்டால் 5ஆம் படியில் கதை நின்றுவிடும்.

மூன்றாவது, உங்கள் பாத்திரத்துக்குப் பிடித்தமான ஒரு திறமை. அவர் தன் வேலையில் உண்மையிலேயே கெட்டிக்காரராக இருக்கட்டும். தற்பெருமைக்கு ஓர் ஆதாரம் வேண்டும். வேலை தெரியாத ஆள் பெருமையடித்தால் நாலு வரியில் சலித்துவிடும். வேலை தெரிந்த ஆள் அதே பெருமையால் வழிதவறும்போதுதான் வாசகர் கூடவே போவார்.

2. ஆசையை ஒரு பொருளின் அளவுக்குச் சுருக்குங்கள்

"அவருக்குப் புகழ் ஆசை" என்று எழுதினால் அதை வைத்து ஒரு காட்சிகூட எழுத முடியாது. புகழ் ஆசை எந்த நாற்காலியில், எந்த அறையில், எந்தப் பெயர்ப்பலகையில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். நம் வானிலையாளருக்குத் துணை இயக்குநர் பதவி வேண்டும். அதிலும் குறிப்பாக, அந்த அறைக்கு வெளியே இருக்கும் மணி அடித்தால் உதவியாளர் எழுந்து வருவாரே, அது வேண்டும். கதையில் எழுத வேண்டியது அந்த மணியை.

ரஷ்ய எழுத்தாளர் கோகலின் "மூக்கு" (1836) இதற்கு நல்ல பாடம். ஓர் அதிகாரியின் மூக்கு காணாமல் போகிறது. பிறகு அவரைவிட உயர்ந்த பதவிக்குரிய சீருடையில் ஊருக்குள் நடமாடுகிறது. தன் மூக்கைத் தேவாலயத்தில் கண்டுபிடித்த பிறகும் அவர் அதனிடம் பேசத் தயங்குகிறார். காரணம், சீருடை. அன்றைய ரஷ்யாவில் 1722இல் வந்த பதவி அட்டவணையின்படி அரசுப் பணியில் 14 படிநிலைகள். எண் சிறிதானால் பதவி பெரிது. அவர் 8ஆம் நிலை, மூக்கு 5ஆம் நிலை. முகத்திலிருந்து மூக்கு போனதைவிட மூக்கின் பதவி பெரிதாகத் தெரியும் அந்த ஒரு கணத்தில் அந்த மனிதர் முழுக்க வந்துவிடுகிறார். இது கோகலுக்குச் சாத்தியமானது பதவி ஆசையை எண்ணிக்கையிட்ட படிநிலையாகப் பார்த்ததால்தான்.

புதுமைப்பித்தனின் "கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்" (1943) கதையிலும் இதே சுருக்கம் இருக்கிறது. கந்தசாமிப் பிள்ளை சித்த வைத்திய இதழ் நடத்துபவர். கடவுளே நேரில் வந்து பழகும்போதும் அவரைச் சந்தாதாரர் ஆக்கும் பேச்சு வந்துவிடுகிறது. கடவுள் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சந்தா சந்தாதான்.

இந்தப் படியில் செய்ய வேண்டிய வேலை ஒன்றே. "என் பாத்திரத்துக்கு ____ வேண்டும்" என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். கோடிட்ட இடத்தில் கையால் தொடக்கூடிய பொருளோ காதால் கேட்கக்கூடிய சொல்லோ வரும்வரை அடித்து அடித்து எழுதுங்கள். மரியாதை, அங்கீகாரம், செல்வாக்கு மாதிரிச் சொற்கள் வந்தால் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

3. தொழிலின் விதிப்புத்தகத்தைப் படியுங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். கதைக்குத் தேவையான பாதிச் சரக்கு இங்கேதான் கிடைக்கிறது, அதனால் இங்கே நிதானமாக இருங்கள்.

ஒவ்வொரு தொழிலும் உலகத்தை அளக்க ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. அளவுகோலுக்கும் உலகத்துக்கும் நடுவே எப்போதும் ஒரு சந்து இருக்கும். தற்பெருமை பிடித்தவர் அந்தச் சந்தில்தான் குடியேறுவார். அதை நீங்கள் கற்பனையாக உருவாக்கத் தேவையில்லை. தேடினால் கிடைக்கும்.

மழையையே எடுத்துக்கொள்வோம். மழைமானியில் சேர்ந்த நீரை நாள்தோறும் காலையில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் அளந்து, கடந்த 24 மணி நேரக் கணக்காகப் பதிவேட்டில் எழுதுவது வழக்கம். "மழை நாள்" என்று கணக்கில் ஏற ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு. அது இடத்துக்கு இடம் மாறும், 2.5 மி.மீ. என்பது புழக்கத்தில் உள்ள அளவுகளில் ஒன்று. அதற்குக் குறைவாகப் பெய்தால் மழை பெய்திருக்கும், ஆனால் அது மழை நாள் ஆகாது. புள்ளிவிவரத்துக்கு இப்படி ஒரு கோடு கட்டாயம் வேண்டும். அதில் தவறு எதுவும் இல்லை.

சரி, இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விடியற்காலையில் தொடங்கி, அளக்கும் நேரத்தைத் தாண்டி மதியம்வரை தூறல். மொத்தம் 4.8 மி.மீ. பாதி அளப்பதற்கு முன், பாதி அதற்குப் பின். முதல் நாள் கணக்கில் 2.4, மறுநாள் கணக்கில் 2.4. அரை நாள் நனைந்த ஊரில் இரண்டு நாளுமே மழை நாள் இல்லை. பதிவேட்டில் ஒரு பொய்கூடக் கிடையாது.

இந்த ஒரு கணக்கு கிடைத்தால் கதை கிடைத்துவிட்டது. "மழை இல்லை" என்று அறிக்கை கொடுத்தவருக்கு இனி பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. விதி அவரைக் காப்பாற்றுகிறது. அவர் செய்வதெல்லாம் விதியை ரொம்பவும் நேசிப்பது மட்டும்தான்.

இங்கே ஒரு பிழை அடிக்கடி நடக்கும். "அவர் மழைமானி நீரைக் கொஞ்சம் கீழே கொட்டிவிட்டார்" என்று எழுதிவிடுவார்கள். அந்த வரியோடு இது மோசடிக் கதை ஆகிவிடும். மோசடிக்காரரைப் பார்த்து வாசகர் "நான் இப்படி இல்லை" என்று ஒதுங்கிக்கொள்வார். நேர்மையானவரைப் பார்த்து அப்படி ஒதுங்க முடியாது. ஆகவே நம் ஆள் அளவுக் குவளையைக் கண்மட்டத்தில் வைத்து, நீர்ப்பரப்பின் வளைவு எங்கே அடிதொடுகிறதோ அந்தக் கோட்டைச் சேற்றில் முழங்காலிட்டுப் படிக்கட்டும். உதவியாளரை இரண்டாவது முறை படிக்கச் சொல்லட்டும். நனைந்தபடியே. இந்த அக்கறைதான் அவருடைய கெட்டிக்காரத்தனம், அவர் விழப்போகும் குழியும் அதுவே.

உங்கள் தொழிலில் இப்படிப்பட்ட கோட்டை எங்கே தேடுவது? சுற்றறிக்கைகள், படிவங்களின் அடிக்குறிப்புகள், வரையறைப் பட்டியல்கள். "இதன் பொருட்டு ... எனக் கருதப்படும்" என்று ஒரு வரி இருந்தால் அங்கே நின்று படியுங்கள். ஓய்வுபெற்றவர்களிடம் கேட்பதும் நல்ல வழி. விதி எந்த இடத்தில் விநோதமாகும் என்று அவர்களுக்குத் தெரியும், சொல்வதற்குத் தயக்கமும் இருக்காது.

4. முதல் சறுக்கல் சின்னதாக இருக்கட்டும்

இன்னொரு ரஷ்ய எழுத்தாளர் செகாவின் "குமாஸ்தாவின் மரணம்" (1883) ஒரு தும்மலில் தொடங்குகிறது. நாடக அரங்கில் முன்வரிசையில் இருக்கும் உயரதிகாரி மேல் தும்மல் தெறித்துவிடுகிறது. மன்னிப்புக் கேட்டதும் அந்த அதிகாரி "பரவாயில்லை" என்கிறார். அங்கேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம். குமாஸ்தா திரும்பவும் போய் மன்னிப்புக் கேட்கிறார். அப்புறம் திரும்பவும். கடைசியில் அந்தத் தும்மல் அவர் உயிரையே வாங்குகிறது.

தொடக்கம் பெரிதாக இருந்தால் அதற்குப் பெரிய எதிர்வினை வருவது இயல்பு, அதில் நகைப்பு இல்லை. தொடக்கம் சின்னதாக இருந்தால் அதற்கும் முடிவுக்கும் இடையே உள்ள தூரம் முழுவதையும் அந்த மனிதரின் மனம் மட்டுமே கடந்திருக்கிறது. கதை காட்ட வேண்டியது அந்த மனத்தை.

நம் கதையில் சறுக்கல் இதுதான். மாலை வீட்டுக்குக் கிளம்பும்போது தூறல் விழுகிறது. மேசை இழுப்பறையில் குடை இருக்கிறது. எடுத்தால் அலுவலகம் பார்க்கும். "நாளை மழை இல்லை" என்று நேற்று கையெழுத்திட்டது அவர்தானே. எடுக்காமல் இறங்கி நடக்கிறார். ஓடினாலும் அர்த்தம் அதேதான் என்பதால் மெதுவாக நடக்கிறார். இதற்கு அரைப் பக்கம் போதும். புயல், வெள்ளம், உயிர்ச்சேதம் எதையும் இங்கே கொண்டுவராதீர்கள். மற்றவர்களின் துன்பம் பெரிதானால் வாசகர் சிரிப்பதை நிறுத்திவிட்டு விசாரணை கேட்பார், கதை உங்கள் கையைவிட்டுப் போய்விடும்.

5. ஒவ்வொரு அடிக்கும் முந்தைய அடியே காரணம்

இப்போது நிகழ்ச்சிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே "அப்புறம்" என்ற சொல் பொருந்தினால் அந்த இணைப்பு பலவீனமானது. "அதனால்" பொருந்த வேண்டும். நம் கதையில் அது இப்படி வரும்:

குடை எடுக்காமல் நடந்தார். மறுநாள் காலை மழைமானியில் 2.3 மி.மீ. மழை நாள் ஆகவில்லை, அதனால் அறிக்கை சரி என்று அவருக்கு உண்மையிலேயே நிம்மதி.

அறிக்கை சரி, அதனால் வாசலில் காயும் பத்துப் பன்னிரண்டு குடைகள் அலுவலகத்தின் கருத்துக்கு முரணாக இருக்கின்றன. மழை அறிவிக்கப்பட்ட நாட்களில் மட்டும் குடை கொண்டுவருவது நல்லது என்று ஒரு சுற்றறிக்கை.

சுற்றறிக்கை வந்தது, அதனால் ஊழியர்கள் நனைந்து வருகிறார்கள். நனைந்து வருவது மேலதிகாரியின் திறமை மேல் வைத்த நம்பிக்கைக்கு அடையாளம் ஆகிறது. அதிகம் நனைந்தவருக்கு நல்ல பெயர்.

காயவைத்த துணி நனைந்ததாகப் பொதுமக்களில் ஒருவர் கடிதம் போடுகிறார். எழுத்தில் பதில் தர வேண்டும், அதனால் மழைக்கும் ஈரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவர் வரையறுக்க வேண்டியதாகிறது. வரையறை நன்றாக வந்துவிட்டது, அதனால் கட்டுரை ஆகிறது. கட்டுரை வந்தது, அதனால் பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் முதலில் வருகிறது.

எந்த ஒரு அடியையும் தனியே எடுத்துப் பாருங்கள். படித்த, பொறுப்பான ஒருவர் செய்யக்கூடியதுதான். இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு அடிக்கும் எதிரே அந்தப் பாத்திரமே தன் மனைவியிடமோ நண்பரிடமோ சொல்லக்கூடிய ஒரு வரி விளக்கம் எழுதுங்கள். அந்த விளக்கம் உங்களுக்கே ஒரு கணம் சரியென்று பட வேண்டும். படாவிட்டால் நடுவில் ஓர் அடி விட்டுப்போயிருக்கிறது, கண்டுபிடித்துச் சேருங்கள்.

ஏறும் வேகமும் முக்கியம். பிரேசில் எழுத்தாளர் மச்சாடோ டி அசிஸ் 1882இல் நூலில் சேர்த்த ஒரு நெடுங்கதையில் ஒரு மனநல மருத்துவர் வருகிறார். ஊரில் காப்பகம் கட்டி, எல்லாரும் ஒப்புக்கொள்ளும் நோயாளிகளில் தொடங்குகிறார். வரையறை கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகி ஊரில் ஐந்தில் நான்கு பங்கு பேர் உள்ளே போய்விடுகிறார்கள். இவ்வளவு பேர் இப்படி இருந்தால் அதுதானே இயல்பு என்று அவருக்குத் தோன்றுகிறது. அவர்களை விடுவித்து, நிதானம் தவறாதவர்களை உள்ளே போடத் தொடங்குகிறார். கடைசியில் காப்பகத்தில் மிஞ்சுவது அவர் மட்டும். அந்த மருத்துவர் பணத்துக்கோ பகைக்கோ எதையும் செய்யவில்லை. அறிவியலில் அவருக்கு இருக்கும் நேர்மையே ஒவ்வொரு முறையும் அவரை அடுத்த கதவைத் திறக்க வைக்கிறது. அடுக்கிக்கொண்டே போவது மட்டும் போதாது, ஒரு கட்டத்தில் தர்க்கம் தன்னையே திருப்பிப்போட வேண்டும் என்பதையும் அங்கே பார்க்கலாம்.

நடுப்பகுதி தொய்வதாக யாராவது சொன்னால், பெரும்பாலும் காரணம் இதுதான்: ஒரே அளவுள்ள மூன்று கிறுக்குத்தனங்களை வரிசையாக வைத்திருப்பீர்கள். அவற்றில் இரண்டை எடுத்துவிடுங்கள்.

6. கதை சொல்பவர் முகத்தைச் சுளிக்கக் கூடாது

ஒரே காட்சியை இரண்டு விதமாக எழுதிக் காட்டுகிறேன்.

முதல் விதம்: "தலைக்கனம் பிடித்த அந்த மேதாவி, கொட்டும் மழையில் கோமாளி போல நடந்தார். பாவம், தன் முட்டாள்தனம் ஊருக்கே தெரியும் என்று அவருக்குத் தெரியவில்லை!"

இரண்டாவது விதம்: "முதுநிலை வானிலையாளர் வழக்கம்போல் ஆறு மணிக்குக் கிளம்பினார். படியில் ஒரு நிமிடம் நின்று கண்ணாடியைத் துடைத்தார். தெருமுனைவரை போவதற்குள் இன்னும் மூன்று முறை துடைக்க வேண்டியிருந்தது."

முதலாவதில் எழுதுபவர் நமக்காகச் சிரித்துவிடுகிறார். இரண்டாவதில் மழை என்ற சொல்லே இல்லை. கதை சொல்பவரும் அலுவலகத்தின் கருத்தை மீறவில்லை. கண்ணாடியை எதற்குத் துடைக்கிறார் என்று வாசகர் கண்டுபிடிக்கிற அந்த நொடியில் சிரிப்பு வருகிறது. அது அவருடைய சொந்தச் சிரிப்பு, நாம் கொடுத்ததில்லை.

இதன் எல்லை எவ்வளவு தூரம் போகும் என்று தெரிய வேண்டுமானால் அயர்லாந்து எழுத்தாளர் ஜோனதன் ஸ்விப்ட் 1729இல் வெளியிட்ட சிறுநூலைப் பாருங்கள். அயர்லாந்தின் வறுமை தீர ஏழைக் குழந்தைகளை உணவாக விற்கலாம் என்று ஒரு திட்டக்காரர் யோசனை சொல்கிறார். ஆண்டுக்கு 1,20,000 குழந்தைகள், அதில் 20,000 பேரை இனப்பெருக்கத்துக்கு நிறுத்திக்கொள்ளலாம், மீதி 1,00,000 விற்பனைக்கு என்று அமைதியாகக் கணக்குப் போடுகிறார். குரல் ஓரிடத்திலும் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அந்தக் கொடுமை நம்மேல் இறங்கியிருக்காது.

நடைமுறையில் செய்ய வேண்டியது: உங்கள் பிரதியில் பாத்திரத்தைப் பற்றிய பெயரடைகளை வட்டமிடுங்கள். "அற்பமான", "போலியான", "கேவலமான" மாதிரி எழுதுபவரின் கருத்தைச் சொல்பவை எல்லாவற்றையும் நீக்குங்கள். ஆச்சரியக்குறிகளையும்தான். நீக்கிய இடம் வெறுமையாகத் தெரிந்தால் அங்கே ஒரு செயல் தேவைப்படுகிறது, இன்னொரு பெயரடை அல்ல.

7. பேச்சும் கோப்பு மொழியும்

தொழில்களுக்கென்று ஒரு மொழி இருக்கிறது, அதை அப்படியே பிடியுங்கள். "தங்கள் மேலான பார்வைக்குப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது", "பார்வையில் காணும் கடிதம் தொடர்பாக", "ஆவன செய்யப்படும்" போன்ற தொடர்களில் யார் செய்தார் என்பதே இருக்காது. செய்பவர் இல்லாத வாக்கியம் தற்பெருமைக்கும் பயத்துக்கும் ஒரே நேரத்தில் வசதியானது. அந்தப் பொதுமக்கள் கடிதத்துக்கு நம் வானிலையாளர் அனுப்பும் பதில் இப்படி இருக்கலாம்: "தாங்கள் குறிப்பிட்ட நாளில் தங்கள் துணிகளில் காணப்பட்ட ஈரம் குறித்து இவ்வலுவலகப் பதிவேட்டில் நிகழ்வு ஏதும் பதிவாகவில்லை என்பது தெரிவிக்கப்படுகிறது."

பகடி செய்கிறேன் என்று இந்த மொழியை ஊதிப் பெரிதாக்காதீர்கள். உண்மையான கோப்பில் இருப்பதைவிட ஒரு சொல் கூடினாலும் செயற்கையாகிவிடும். பெரும்பாலும் அதுவே போதுமான அளவுக்கு இருக்கிறது.

உரையாடலில் கீழே இருப்பவர் முடிக்காத வாக்கியங்களுக்குத்தான் வலிமை அதிகம்:

"சார், வெளியே..."

"வெளியே என்ன?"

"ஒன்றுமில்லை சார். கோப்புகளை ஜன்னல் பக்கத்திலிருந்து நகர்த்தி வைக்கட்டுமா?"

"ஏன்?"

"இடம் கொஞ்சம் விசாலமாக இருக்கும் சார்."

உதவியாளருக்கு எல்லாம் தெரியும். அதிகாரிக்கும் தெரியும். இருவரும் சேர்ந்து ஒரு சொல்லைத் தவிர்க்கிறார்கள். அந்தத் தவிர்ப்பில் முழு அலுவலகமும் தெரிகிறது. இதே இடத்தில் உதவியாளர் "சார், நீங்கள் செய்வது தவறு" என்று ஒரு பேச்சுப் பேசினால் கதை அங்கேயே படுத்துவிடும்.

8. எழுதுபவரின் பிரதிநிதியைக் கதையிலிருந்து வெளியேற்றுங்கள்

பல பிரதிகளில் ஒரு நல்லவர் வந்துவிடுவார். இளைஞர், நேர்மையானவர், கடைசிப் பக்கத்தில் உண்மையை எடுத்துச் சொல்பவர். அவர் வேறு யாருமில்லை, எழுதுபவரேதான். அவர் இருந்தால் வாசகர் அவர் பக்கம் போய்ப் பாதுகாப்பாக உட்கார்ந்துகொள்வார்.

அவருக்குப் பதிலாகச் சுற்றியிருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன ஆசையைக் கொடுங்கள். உதவியாளருக்கு மேசை மாற்றம் வேண்டும். தட்டச்சரின் கவிதை ஆண்டு மலரில் வர வேண்டும். இயக்குநருக்குத் தன் காலத்தில் பிழையே நடக்கவில்லை என்ற பெயர் வேண்டும். இவர்கள் எல்லாரும் தங்கள் காரணத்துக்காகவே வானிலையாளரை நம்புவதாகக் காட்டுவார்கள். ஒரு தனி மனிதரின் தற்பெருமை இத்தனை தூரம் எப்படிப் போக முடிந்தது என்ற கேள்விக்கு அதுதான் உண்மையான பதில், அலுவலகங்களில் இருந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

பெயர் வைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. குணத்தைச் சொல்லும் வேடிக்கைப் பெயர்கள் வேண்டாம். பெயரே சிரிக்கவைத்தால் மனிதர் சிரிக்கவைக்கமாட்டார்.

9. முடிவு: அவர் கேட்டதையே கொடுங்கள்

புதியவர்கள் பாத்திரத்தைத் தண்டிக்க விரும்புகிறார்கள். பதவி போகிறது, அவமானம், கண்ணீர், திருந்துதல். தண்டித்தால் உலகம் நியாயமாக இயங்குகிறது என்ற ஆறுதல் வாசகருக்குக் கிடைத்துவிடும். அங்கதத்துக்கு அந்த ஆறுதல் ஒத்துவராது.

அவர் கேட்டது கிடைக்கட்டும். அதுவும் 2ஆம் படியில் நீங்கள் எழுதிய அதே பொருளாக. துணை இயக்குநர் ஆகிறார். திறந்தவெளியில் பாராட்டு விழா. "மழை இல்லை" என்று அவரே அறிவித்த நாள். நாற்காலிகளில் தண்ணீர் சொட்டுகிறது. ஒருவர்கூடத் தலைமேல் கை வைக்கவில்லை. மாலையிலிருந்து சாயம் கரைந்து வெள்ளைச் சட்டையில் இறங்குகிறது. மறுநாள் புது அறையில் உட்கார்ந்து மணியை அடிக்கிறார். உதவியாளர் எழுந்து வருகிறார். என்ன வேண்டும் என்று கேட்கிறார். தும்மல் வருகிறது, சொல்ல முடியவில்லை. ஈரத் துணியோடு வந்த உதவியாளருக்கும் தும்மல். இருவரும் மாறி மாறித் தும்மிக்கொண்டிருக்கும்போதே கதையை நிறுத்திவிடலாம்.

அதற்குப் பிறகு ஒரு வரி எழுதக் கை துறுதுறுக்கும். "இப்படித்தான் பதவி மனிதனை..." என்று ஏதாவது. எழுதாதீர்கள். ஏற்கெனவே எழுதியிருந்தால், கடைசிப் பத்தியை விரலால் மறைத்துக்கொண்டு கதையைப் படித்துப் பாருங்கள். மறைத்தபடியே முடிவு புரிந்தால் அந்தப் பத்தியை எடுத்துவிடலாம்.

10. திருத்தும்போது பார்க்க வேண்டியவை

நீளம்: முதல் பிரதியில் மூன்றில் ஒரு பங்கு பொதுவாகப் போகும். செகாவ் தன் ஆரம்பகாலக் கதைகளை எழுதிய நகைச்சுவை இதழில் சுமார் 100 வரி என்ற கட்டுப்பாடு இருந்தது. அந்த நெருக்கடியில்தான் முன்கதை, வர்ணனை, விளக்கம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராகச் சம்பவத்துக்குள் போகும் பழக்கம் அவருக்குப் படிந்தது. நீங்களும் முதல் பக்கத்தை முழுவதுமாக எடுத்துவிட்டு இரண்டாம் பக்கத்திலிருந்து கதை தொடங்குகிறதா என்று சோதித்துப் பாருங்கள். பல நேரம் தொடங்கும்.

அடையாளம்: உண்மையான ஒருவரை மனதில் வைத்து எழுதியிருந்தால், அவரைத் தெரிந்தவர்கள் கண்டுபிடிக்கக்கூடிய விவரங்களை மாற்றுங்கள். ஊர், வயது, தோற்றம், பேச்சுப் பழக்கம், முடிந்தால் தொழிலையே. சட்டச் சிக்கல் ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், ஒரே ஒரு ஆளை மட்டும் குறிவைத்த கதை அந்த ஆளைத் தெரியாதவர்களுக்கு வெறும் வம்பாகப் போய்விடும். தொழிலை மாற்றிப் பார்த்தால் உங்களை உறுத்தியது அவருடைய எந்தக் குணம் என்று உங்களுக்கே தெளிவாகும்.

யார் அடிபடுகிறார்: சிரிப்பு எந்தப் பக்கம் போகிறது என்று வரிவரியாகப் பாருங்கள். அதிகாரம் இல்லாதவரின் உச்சரிப்பு, உடல், ஏழ்மை, படிப்பு இவற்றின்மேல் ஒரு வரி விழுந்திருந்தாலும் எடுத்துவிடுங்கள். அந்த ஒரு வரி போதும், கதை முழுவதும் எந்தப் பக்கம் நிற்கிறது என்ற சந்தேகம் வந்துவிடும்.

இரக்கம்: பாத்திரத்தின்மேல் ஓரிடத்திலாவது வாசகருக்கு மனம் இளக வேண்டும். நம் கதையில் அது அந்த முழங்காலிடும் காட்சி. இத்தனை வருடம் நேர்மையாக அளந்த மனிதர் இன்றைக்கும் நேர்மையாகத்தான் அளக்கிறார். அப்படி ஓரிடம் உங்கள் கதையில் இல்லையென்றால் 1ஆம் படியில் சொன்ன திறமையை இன்னும் காட்சியாக எழுதவில்லை என்று அர்த்தம். அதை எழுதிச் சேருங்கள், நீளம் கூடினாலும் பரவாயில்லை.

கடைசிச் சோதனை அந்தத் தொழிலில் இருக்கும் ஒருவரிடம் படிக்கக் கொடுப்பது. எதுவும் விளக்காமல் கொடுங்கள். "மழைமானியை இப்படி வைக்கமாட்டார்கள்" என்று சொன்னால் நன்றி சொல்லித் திருத்துங்கள். "இது நம் அலுவலகத்து இன்னாரைப் பார்த்து எழுதினதுதானே?" என்று நீங்கள் கேள்விப்பட்டேயிராத ஒரு பெயரைச் சொன்னால், அனுப்பிவிடலாம்.